ஏழாம் நம்பர் பிரேமைப் பார்க்க வந்தவர்

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு நூல் மில்லுக்குப் போயிருந்தேன். நாங்குநேரி போகிற ரோட்டில் இருக்கிறது. அங்கே புரொடக்‌ஷன் மேனேஜர் கணேசன், என் மனைவியின் தம்பி. "அத்தான், சும்மா வந்து சுண்டல் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கூப்பிட்டான். சுண்டல் என்றால் நான் நாள், கிழமை பார்ப்பதில்லை... உங்களுக்குத்தான் தெரியுமே!

போனால், எல்லாருடைய சட்டையிலும் கறுப்பு பேட்ஜ். எல்லாரும் என்றால் — கார்டைப் பஞ்ச் பண்ணி, மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்குகிற எல்லாரும். கணேசன் மாதிரி ஏ.சி. ரூம்காரர்கள் சட்டையில் ஒன்றும் இல்லை. ஒரே பூஜை, ஒரே சாமி. ஆனால் இடது பக்கம் யூனியன், வலது பக்கம் நிர்வாகம். நடுவில் ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்குக் காலியிடம். அங்கேதான் எனக்கு நாற்காலி போட்டார்கள்!

என்ன தகராறு? விசாரித்தேன்.

இசக்கிமுத்து என்று ஒரு தொழிலாளி. ஏழாம் நம்பர் பிரேம் — நூல் நூற்கிற நீளமான மெஷின் — அவர் பொறுப்பு. பத்து நாளைக்கு முன்னால், ஓடிக்கொண்டிருந்த மெஷினை யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டார். சத்தம் சரியில்லையாம். கணேசன் வந்து, மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானே ஓடுது" என்றிருக்கிறான். இசக்கிமுத்து அத்தோடு விட்டிருக்கலாம். விட்டாரா?

"மெஷின் பேசுதது உங்களுக்கு எங்க சார் கேக்கும்? போன்ல பேசுததுதான் கேக்கும்" என்று சொல்லிவிட்டார். மொத்த ஷிப்டும் சிரித்தது. மறுநாள் சஸ்பெண்ட்.

இந்த மில்லில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆயுத பூஜையன்று அவரவர் மெஷினுக்கு அவரவர்தான் சந்தனம் வைக்க வேண்டும். அடுத்தவர் கை படக்கூடாது. சந்தனம் வைக்காத மெஷினை மறுநாள் யாரும் ஓட்ட மாட்டார்கள். யூனியன் தீர்மானம் எல்லாம் இல்லை... பயம்! கணேசனுக்கும் அதே பயம்தான். என்ஜினீயரிங் படித்தவன், ஆனால் எலுமிச்சம்பழம் நசுக்காமல் புதுக் காரை எடுக்காதவன். எனக்குத் தெரியாதா?

எல்லா மெஷினும் மாலையும் குங்குமமுமாக ஜொலிக்க, ஏழாம் நம்பர் மட்டும் மூளியாக நின்றது.

இசக்கிமுத்து கேட்டுக்கு வெளியே நின்றார். குளித்து, திருநீறு பூசி, கையில் சந்தனக் கிண்ணம். சஸ்பெண்ட் ஆனவர் உள்ளே வரக்கூடாது. கம்பி வழியாக மெஷின் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

யூனியன் செயலாளர் சுடலை அண்ணாச்சி, நடுவில் இருந்த காலியிடத்தைத் தாண்டிக் கணேசனிடம் வந்தார்.

"கொஞ்ச நேரம் உள்ள விடுங்க சார். பதிமூணு வருசமா அவன் வச்ச சந்தனம்."

"விட்டா, சஸ்பென்ஷன நானே வாபஸ் வாங்குன மாதிரி ஆயிரும் அண்ணாச்சி. நாளைக்கு என்னை எவன் மதிப்பான்?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். அதுதான் சிக்கலே. ஒருவர் அயோக்கியராக இருந்தால் சண்டை எவ்வளவு சுலபம்!

அண்ணாச்சியின் பார்வை என் கழுத்தில் தொங்கிய பாஸ் மேல் விழுந்தது. "சார் இங்கனயா வேலை பாக்காவ?"

"இல்ல, விசிட்டர்."

"அப்ப இசக்கியும் விசிட்டர்தான். அவனுக்கும் ஒரு பாஸ் போடச் சொல்லுங்க சார்."

கணேசனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பாஸ் போடச் சொல்லிவிட்டான்.

செக்யூரிட்டி, சிரிப்பு என்றால் என்னவென்று அறியாத மனிதர். முத்து முத்தாக எழுதினார். பெயர்: இசக்கிமுத்து. பார்க்க வந்தது: ஏழாம் நம்பர் பிரேம். காரணம்: சந்தனம்.

இசக்கிமுத்து உள்ளே வந்தார். மெஷினைத் துடைத்தார், சந்தனம் வைத்தார், கும்பிட்டார். பிறகு உருளையைக் கையால் சுற்றிவிட்டு, காதை ஒட்டிவைத்துக் கேட்டார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேட்டில் செக்யூரிட்டி மறித்தார். "யாரப் பாத்தீங்களோ, அவங்க கையெழுத்து வேணும்."

"மெஷின் எப்படிவே கையெழுத்துப் போடும்?" என்றார் இசக்கிமுத்து.

"ரூல்னா ரூல்."

கூட்டம் கூடிவிட்டது. பேட்ஜ் போட்டவர்கள், போடாதவர்கள் எல்லாரும் ஒரே கும்பலாக. கணேசன் வந்தான். பேனாவை வாங்கினான். "மெஷினுக்குப் பதிலா நான் போடுதேன்" என்றான். ஆனால் போடவில்லை. இசக்கிமுத்துவை நிமிர்ந்து பார்த்தான்.

"இப்ப என்ன சொல்லிச்சு அது?" என்று பைய கேட்டான்.

"அன்னைக்குச் சொன்னதத்தான் சார் சொல்லுது. மோட்டார் பக்கத்துப் பேரிங் போகப்போவுதுங்குது."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கணேசன் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே இன்னொரு வரியும் எழுதினான்: 'நாளைக் காலை பேரிங் மாற்றவும். இசக்கிமுத்து கூட நிற்க வேண்டும்.'

சஸ்பெண்ட் ஆனவர் எப்படிக் கூட நிற்பது? அண்ணாச்சி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பேட்ஜைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சுவார்த்தையை, ஏழாம் நம்பர் பிரேம் தலைமையிலேயே நடத்திவிட்டால் என்ன?