இடுப்பில் முடிந்த கயிறு

அறுபதுகளின் தொடக்கம். கலியாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் அன்னூரிலிருந்து திருச்செந்தூர் முருகனைக் கும்பிடப் போனோம். கடலை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். பார்த்ததும் பிடிக்கவில்லை. எங்கள் ஊர்க் கிணற்றுக்கு நாலு பக்கமும் சுவர் உண்டு. இதற்கு ஒரு பக்கம்தான் கரை.

கோயிலுக்குச் சற்றுத் தள்ளி மணலில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கிக் கிடந்தது. சின்னதுதான் என்றார்கள், எங்கள் மாட்டு வண்டியைவிட நீளம். தலை மேலிருந்த ஓட்டை வழியே புஸ்ஸென்று மூச்சு விட்டது. மீனவர்கள் அதைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடாமலே இவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏனுங்க, நமக்கெதுக்குங்க?" என்றேன்.

"உசுரு கெடந்து துடிக்குது, பாத்துட்டுச் சும்மா போறதா? பயப்படாத கண்ணு."

எங்கள் பக்கம் கிணற்றில் கன்று விழுந்தால், கயிற்றின் ஒரு முனையைக் கன்றுக்குக் கட்டி, மறுமுனையை மேலே நிற்பவர் இடுப்பில் முடிந்துகொள்வார். கை வழுக்கினாலும் கன்று நழுவாது. இவரும் அப்படியே மீனவர்களிடம் கயிறு வாங்கி, ஒரு முனையை வாலில் கட்டி, மறுமுனையை இடுப்பில் முடிந்து, கடல் பக்கம் நின்று இழுத்தார். கிணற்றுக்குள் கன்று ஓட இடமில்லை என்பது இருவருக்குமே உறைக்கவில்லை.

பெரிய அலை ஒன்று வந்தது. திமிங்கிலம் மிதந்தது, திரும்பியது, நேராகக் கடலுக்குள் போனது. இவரும் போனார்.

"கயித்த அவுத்து விடும்யா" என்று மீனவர்கள் கத்தினார்கள். நனைந்த முடிச்சு எங்கே அவிழும்? இவர் தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. தாலியைப் பிடித்துக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தேன். "முருகா, அதைத் திருப்பி உட்டுரு" என்றுதான் வேண்டிக்கொள்ளத் தோன்றியது.

திரும்பியது. கட்டுமரத்தைத் தள்ளுவதற்குள் அது கரைக்கே வந்து, பழையபடி மணலில் ஏறிக் கிடந்தது. ஒரு மீனவர் கத்தியால் கயிற்றை அறுத்தார். இடுப்பைச் சுற்றித் தோல் உரிந்து ரத்தம். ஆள் பிழைத்துவிட்டார்.

"மறுக்காத் தள்ளலாங்க" என்று இருமிக்கொண்டே எழுந்தார். இவர் வேட்டியைப் பிடித்த பிடியை நான் விடவில்லை. மீனவர்கள் தள்ளிப் பார்த்தார்கள், அது போகவில்லை. சாயங்காலத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது.

"தப்பிச்சுப் போனது எதுக்குத் திரும்பி வந்துச்சுன்னே தெரியலையே அம்மணி" என்று பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குத் தெரியும் என்று சொல்லப் பயமாக இருந்தது.