ஓரத்தில் ஒரு வெட்டு

தையல்காரர் சாக்பீஸின் முனையைப் பிளேடால் சீவுகிறார். ஊதுகிறார். கட்டைவிரல் நகத்தில் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். பிறகு மேஜைமேல் விரித்த துணியில் கழுத்து, தோள், கைக்குழி என்று கோடு போடுகிறார். கத்திரியை எடுக்கிறார். அது வாயைத் திறந்தபடி துணியின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறது. அப்புறம் அதைக் கீழே வைத்துவிட்டு, கோடுகளையெல்லாம் பிரஷ்ஷால் தட்டி அழிக்கிறார்.

“தோள்ல ஒரு நூல் கூடிப்போச்சு” என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடி சாக்பீஸைச் சீவத் தொடங்குகிறார்.

தோளில் ஒரு நூலும் கூடவில்லை, அளவு சரியாகவே இருந்தது. முக்காலியில் உட்கார்ந்து பழைய சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மகளுக்கு அது தெரியும். அம்மா போனதிலிருந்து அப்பா ஒரு துணியைக்கூட வெட்டவில்லை. கிழிசல் தைப்பார், நீளம் குறைப்பார். புதுத் துணி வந்தால் கோடு போடுவார், அழிப்பார்.

அவர் எப்போதுமே இப்படித்தான். “வெட்டிட்டா வெட்டினதுதான்மா. திருப்பி ஒட்ட முடியாது” என்பார். அம்மா இருந்தவரை அதற்கு ஒரு வழி இருந்தது. கடைக்குப் பின்னால்தான் சமையலறை. கத்திரி மேஜைமேல் வைக்கப்படும் சத்தம் இரண்டு மூன்று தரம் கேட்டுவிட்டால், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிடுவாள். தையல் அவளுக்குத் தெரியாது. எப்படியும் கழிவில் போகிற ஓரத்தில், விரல் நக அளவுக்கு ஒரு வெட்டு வெட்டுவாள்.

“ம், கெடுத்தாச்சு. இனி நீங்க வெட்டுங்க.”

அவள் இடது கைக்காரி. கத்திரியோ வலது கைக்கென்று செய்தது. துணி அறுபடாமல் மென்று துப்பியதுபோல் நூல்நூலாகத் தொங்கும்.

“எலி கடிச்ச மாதிரி வெட்டியிருக்கா பாரு” என்பார் அப்பா.

“இந்தக் கடையில எலிக்குத்தான் தைரியம்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அதன்பிறகு அவர் கத்திரி ஆற்றில் தோணி போவதுபோல் போகும்.

அன்று மதியம் பஸ் டிரைவர் வந்தார். மேஜையைப் பார்த்தார்.

“அண்ணே, இன்னும் வெட்டவே இல்லையா? என் தொப்பை உங்களுக்காகக் காத்திருக்குமா? எடுத்த அளவே மாறிடும்போல இருக்கே.”

“நாளைக்குக் கட்டாயம் தம்பி.”

“எத்தனை நாளைக்குதாண்ணே இந்த நாளைக்கு?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் போகும்போது துணி அவர் கக்கத்தில் போனது. அலமாரித் தட்டில் மிச்சமிருந்த புதுத் துணி ஒன்றுதான். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் மகளுக்கென்று எடுத்து வைத்தது. முதல் வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்ள, சாம்பல் நீலத்தில் ஒரு சட்டைத் துணி. வேலையும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை வெளியூர் போய்ச் சேர வேண்டும். துணி மட்டும் கடைக்காரர் மடித்துத் தந்த மடிப்பிலேயே இருந்தது.

“கடையைச் சாத்திடலாம்னு பார்க்கிறேன்மா” என்றார் அப்பா, டிரைவர் போன திசையைப் பார்த்தபடி. “தைக்கத் தெரியாதவன்னு பேர் வாங்குறதுக்கு, சாத்திட்டான்னு பேர் வரட்டும். நீ ரெடிமேடா ஒண்ணு வாங்கிக்கோ.”

அவர் டீ குடிக்கப் போனதும் மகள் தன் துணியை எடுத்து, உள்மடிப்பைப் பிரித்தாள். கத்திரியால் ஓரத்தில் சின்னதாய் ஒரு வெட்டு வெட்டினாள். பழையபடி மடித்து வைத்துவிட்டுப் பட்டன் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவர் வந்ததும், “என் துணியை ஒரு தடவை பிரிச்சாவது பாருங்கப்பா. அம்மா ஆசையா எடுத்தது” என்றாள்.

அதற்குமேல் அவரால் தட்டிக்கழிக்க முடியவில்லை. விரித்தார். ஓரம் வந்தபோது கை நின்றது. குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“உங்கம்மா வெட்டி வச்சிட்டுப் போயிருக்கா” என்றார்.

“அப்படியாப்பா?” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

அவர் கத்திரியை இடது கையில் எடுத்து, அந்த வெட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வெட்டு வெட்டினார். துணி மசிந்து, நூல் தொங்கியது. எதற்கு அதுவென்று அவளுக்குப் புரியவில்லை. அவர் கோடு போட்டுவிட்டு, கத்திரியை வலது கையில் எடுத்து, தோளிலிருந்து கைக்குழிவரை ஒரே இழுப்பில் வெட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்தவுடன், ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது.

திங்கட்கிழமை அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனாள். தோள் அச்சாகப் பொருந்தியிருந்தது.

மாதங்கள் கழித்துச் சித்தி போனில் பேசியபோது, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். மகள் வேலைக்குக் கிளம்பிய அன்று சாயங்காலமே அப்பா சித்தியிடம் சொன்னாராம்: “அந்த வெட்டு சுத்தமா இருந்துச்சும்மா. உங்கக்கா ஒரு நாளும் அப்படி வெட்டினதில்ல.”