வரிசையில் நின்று வாங்கிய பயம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மனோ அக்காவைப் பற்றி எழுத வயதாலும் உரிமையாலும் என்னைவிடப் பொருத்தமானவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மேடையில் ஒருநாளும் ஏறாதவள். ஜெர்மனியின் இந்த எசன் நகரில் பத்து வருடமாக ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் உங்கள் பிள்ளைகளின் கணுக்காலை இருட்டில் பிடித்த கை என்னுடையது என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஒருத்தி முப்பத்தொன்றாம் நாள் நினைவு மலரில் இடம் எடுத்துக்கொள்வது அதிகம்தான். ஆனால் மனோ அக்காவின் கணவர் குணம் அண்ணை கேட்டார். "நீர் எழுதும் பிள்ளை. மற்ற ஆக்கள் எழுதினா மனோ சாமியாரா வந்திடுவா," என்றார்.

செய்தி வந்தது செப்டெம்பர் கடைசியில். நான் வேலை செய்யும் டார்ம்ஸ்டாட்டில், அலுவலகத்துக்கு முன்னால் உள்ள காய்கறிக் கடையில் அன்றுதான் பூசணிக்காய்களை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பி, "இந்த முறை எத்தனை?" என்று கேட்டிருந்தேன். பதிலுக்குக் காத்திருந்தபோது அப்பா அழைத்தார். அவர் வேலை நேரத்தில் அழைக்கிறவர் அல்ல. "பிள்ளை, மனோ மோசம் போயிட்டாவாம். மாரடைப்பு," என்றார்.  அதன் பிறகும் தொலைபேசியை வைக்கவில்லை. நான்கு வருடத்தில் அப்பாவின் வாயிலிருந்து அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மலருக்கு எழுதுகிறவர்களுக்குச் சங்கத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது. இறைபக்தி, விருந்தோம்பல், அடக்கம் ஆகிய பண்புகளைக் குறிப்பிடலாம். ஹாலோவீன் விடயங்களைத் தவிர்ப்பது நல்லது. மனோ அக்கா கோயிலுக்குப் போனார். வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் சாப்பாடும் போட்டார். அடக்கத்தை நான் பார்த்ததில்லை. ஒரு பெண் இறந்த பிறகு அவருக்கு அடக்கத்தைப் போர்த்திவிடுவதில் எனக்குச் சம்மதமும் இல்லை. தவிர்க்கச் சொன்னதைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு அப்போது பதினாறு வயது. சங்க விழாவில் மேடைக்குப் பின்னால் கதிரைகளுக்கு நடுவே ஒளிந்து நின்றேன். யாரும் என்னைப் பாடச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் காரணம். மனோ அக்கா என்னைக் கண்டுபிடித்து மேலும் கீழும் பார்த்தார்.

"நீ கதைக்க மாட்டியோ?"

தலையாட்டினேன்.

"நல்லது. பேய் கதைக்கக் கூடாது. சனிக்கிழமை கீழறைக்கு வா."

மண்டபத்தின் கீழறையில், அவர் வேலை செய்த முதியோர் இல்லச் சலவைப் பகுதியிலிருந்து கழித்துவிட்ட படுக்கை விரிப்புகள் கயிறுகளில் வரிசையாகத் தொங்கின. அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒரு பாதை. ஐஸ்தண்ணீர் வாளி ஒன்றையும் இறப்பர்க் கையுறை ஒன்றையும் தந்து ஒரு விரிப்புக்குப் பின்னால் என்னைக் குந்த வைத்தார். அன்றுவரை என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று முப்பது பிள்ளைகள் என்னால் கத்தினார்கள். அந்தச் சந்தோசத்தை எந்தப் பட்டமும் எனக்குத் தந்ததில்லை.

பயங்காட்டி வெருட்டுவதில் அக்காவுக்குச் சட்டங்கள் இருந்தன. இரத்தம் கிடையாது. வெடிச்சத்தம் கிடையாது. ஒருமுறை யாரோ பலூன் உடைக்கலாம் என்றபோது, "வெளியில நிக்கிற தாய்தேப்பன் கேக்குங்கள். அதுகள் ஊர்ச் சண்டையில கேட்டது காணும்," என்று ஊசியைப் பறித்து வைத்தார். அவருக்குக் கண் என்றால் தோலுரித்த லிச்சிப்பழம். மூளை என்றால் தேங்காய்ப்பாலில் ஊறிக் குளிர்ந்த இடியப்பம். மூடிய பெட்டிக்குள் கைவிட்டுத் தடவிய பிள்ளைகள் அலறியடித்து ஓடுவார்கள். ஓடி முடித்ததும் வாசலுக்கு வந்து "நொக்மால்" என்பார்கள், திரும்பவும் வேண்டுமாம். "கத்தினது கணக்கில்லை. திரும்பி வந்ததுதான் கணக்கு," என்பது அக்காவின் அளவுகோல்.

எல்லாச் சட்டத்துக்கும் மேலான சட்டம் ஒரு சொல். உள்ளே போகுமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைச் சொல்லிக்கொடுப்பார். தமிழ் வராத பிள்ளையும் சொல்லிக்காட்ட வேண்டும். "காணும்." போதும் என்ற பொருளில் அந்தச் சொல் எந்த மூலையிலிருந்து வந்தாலும் அதே நொடியில் விளக்கு எரிய வேண்டும். ஒரு வருடம் ஏழு வயதுப் பையன் ஒருவன் பாதி வழியில் விறைத்துப்போய் நின்றான். பின்னால் வந்த பெரிய பிள்ளைகள் "பயந்தாங்கொள்ளி" என்றார்கள். அவன் உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை. அக்கா அந்த அசைவுக்கே விளக்கைப் போட்டார். அவனைத் தேற்றவில்லை, தூக்கவும் இல்லை. விரிப்பை விலக்கி என்னைக் காட்டினார், வாளியைக் காட்டினார், கையுறையை அவன் கையில் மாட்டிவிட்டார். "இப்ப நீ வெருட்டு." அடுத்து உள்ளே வந்தது அவனைத் தேடிவந்த அவனுடைய அம்மா. அந்த அலறல் மேல் மண்டபம்வரை கேட்டது.

அன்று விரிப்புகளை மடிக்கும்போது சொன்னார். "வெருட்டுறது லேசு பிள்ளை. வெருண்ட ஆளுக்கு விரிப்பின்ர பின்பக்கத்தைக் காட்ட வேணும். அது செய்ய ஏலாதெண்டால் இந்த வேலைக்கு வரக் கூடாது."

நாங்கள் இருவரும் அந்தச் சட்டத்தை ஒருமுறை மீறினோம். அதைத்தான் நீங்கள் மஞ்சள் கடிதப் பிரச்சினை என்று சொல்கிறீர்கள்.

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மலரை வாசிக்கும் இளையவர்களுக்காக எழுதுகிறேன். இந்த நாட்டில் கடுமையான அரச கடிதங்கள் மஞ்சள் உறையில் வரும். எங்கள் பெற்றோர் அகதி மனுப் போட்டுக் காத்திருந்த வருடங்களில், திருப்பி அனுப்பும் முடிவும் அப்படித்தான் வந்தது. எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டுக் கடிதங்களை நானே வாசித்து வந்தேன். பக்கத்து வீட்டுக் கடிதங்களையும் வாசித்தேன். அந்த உறையைக் கண்டதும் பெரியவர்களின் முகம் என்னவாகும் என்று எனக்குத் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன் கீழறைப் பாதையின் முடிவில் ஒரு மேசை போட்டோம். மனோ அக்கா மூக்குக்கண்ணாடியும் முத்திரைக் கட்டையுமாக அதிகாரியாக உட்கார்ந்து, "அடுத்த ஆள். டெர்மின் இருக்கோ?" என்று, முன்கூட்டியே நேரம் எடுத்தாயா எனக் கேட்டு அதட்டுவார். ஒரு மஞ்சள் உறையை நீட்டுவார். உள்ளே இறப்பர் வளையம் முறுக்கிய கடதாசி வண்ணத்துப்பூச்சி. திறந்ததும் படபடவென்று முகத்துக்கு நேரே பறக்கும். பிள்ளைகளுக்கு அது வெறும் உறை, துள்ளிச் சிரித்தார்கள். அப்போது ஒன்பது வயதான என் தங்கை துளசி மட்டும் உறையைத் திறக்காமல் கொண்டுபோய், அப்பாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, எங்கள் வீட்டுக் கடிதப் பெட்டியில் போட்டுவிட்டாள். அக்கா சொல்லிக்கொடுத்த விளையாட்டை வீட்டிலும் விளையாடினாள்.

அப்பா அதைத் திறக்கவில்லை. பிள்ளையார் படத்தின் கீழே வைத்தார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார். அப்பா ஜெர்மன் குடியுரிமை எடுத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. இருந்தாலும் அந்த நிறம் போதுமாக இருந்தது. எழுத்து ஒரு பிள்ளையின் எழுத்து என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை. தங்கைக்கோ, சொல்ல நினைக்க நினைக்கப் பயம் கூடிவிட்டது. வார இறுதியில் நான் வந்ததும் அப்பா உறையை இரண்டு கையாலும் எடுத்துத் தந்தார். "இருந்து வாசி பிள்ளை. என்னவெண்டாலும் ஒளிக்காமச் சொல்லு." தொட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் விரல் அதற்குள் மடிப்பைத் திறந்துவிட்டது. வண்ணத்துப்பூச்சி அவர் கன்னத்தில் மோதி விழுந்தது. அவர் ஏசவில்லை. கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

அடுத்த கூட்டத்தில் சங்கச் செயலாளராகிய அவர், கீழறையில் இனிப் பேய்க்கூத்து இல்லை என்று அறிவித்து, அதன் பூட்டின் திறப்பைச் சட்டைப் பையில் போட்டார். இது எங்கட கலாசாரமோ என்று வேறொருவர் எழுந்தார். மனோ அக்கா கேட்டார். "தம்பி, போன மாதம் உங்கட மகனுக்கு மூண்டு தட்டில கேக் வெட்டினீங்கள். அது எங்கட கலாசாரமோ? நானும் ரெண்டு துண்டு சாப்பிட்டனான், அதால கேக்கிறன்." சிரிப்பு அடங்கியதும் அப்பாவின் பக்கம் திரும்பினார். "அண்ணை, பிழை என்ர. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா ஒண்டு. எங்களுக்கு வந்த பயம் ஒண்டும் எங்களைக் கேட்டு வரேல்லை. இந்தப் பிள்ளையள் வரிசையில நிண்டு, தாங்களாக் கேட்டு வாங்குதுகள். வேண்டாமெண்டால் நிப்பாட்டவும் அதுகளுக்குத் தெரியும். அந்தக் குடுப்பினை எங்களுக்கு இருந்ததோ? அதைப் பறிக்காதையுங்கோ."

அப்பா கூட்டக் குறிப்பை மூடி எழுந்தார். அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை.

அக்கா "பிழை என்ர" என்றபோது நான் கடைசி வரிசையில் இருந்தேன். அது அவர் பிழை அல்ல. மஞ்சள் உறை என்னுடைய யோசனை. "எங்கட வீட்டில எல்லாரும் வெருள்றது அதுக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்ததும் நான்தான். அவர் தயங்கினார். "பெரியாக்களின்ர கண்ணில படக் கூடாது," என்றார். படாது என்று நான் உறுதி சொன்னேன். கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பி நடக்கும்போது அழுதுகொண்டு, "விட்டிடுவம் அக்கா," என்றேன். "ஒரு ஆளைப் பிழையா வெருட்டிப்போட்டம். அதுக்காக நூறு பிள்ளையின்ர விளையாட்டை நிப்பாட்டுறதோ? வாளி எங்க, எடு," என்றார்.

கீழறை இல்லாவிட்டால் என்ன? அவர் குடியிருந்த கட்டடத்தில் துணி உலர்த்தும் அறை ஒன்று இருந்தது. கயிறுகள் அங்கே ஏற்கெனவே கட்டியிருந்தன; அக்காவுக்கு அது பிள்ளையார் அனுப்பிய சகுனம். ஒரு நேரத்தில் ஆறு பிள்ளைகள்தான் நிற்கலாம். வரிசை படிக்கட்டு வழியே மூன்றாம் மாடிவரை ஏறியது. மேல்மாடித் துருக்கிக் குடும்பத்தின் சிறுமி எலிஃப் ஒரே மாலையில் ஐந்து தடவை வந்தாள். ஐந்தாம் தடவை உள்ளேயிருந்து, "காணும், ஆனா லைற் வேண்டாம்," என்றாள், தமிழில். அந்த வசனத்தை அக்கா ஒரு வருடம் முழுவதும் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

உங்களில் சிலர் உங்கள் பிள்ளைகளை அங்கே போகக் கூடாது என்று தடுத்தீர்கள். அவர்கள் வந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன். நடன வகுப்பு அன்று நீண்டுவிட்டது என்று வீட்டில் சொன்னவர்களின் கணுக்கால்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த மாத முடிவில் குணம் அண்ணை அந்த வீட்டை விட்டுவிட்டுக் கொலோனில் மகளிடம் போகிறார். உலர்த்தும் அறை இனி எங்களுக்கு இல்லை. சங்கத்தில் கேட்டபோது, இந்த வருடம் மரணத் துடக்கு, நடத்துவது முறையல்ல என்றார்கள். கணக்குப் பார்த்தேன். இந்த மலரை உங்கள் கையில் தரும் இன்று முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிகிறது, துடக்கும் கழிகிறது. நாளை மறுநாள் அக்டோபர் முப்பத்தொன்று. முறையைப் பற்றி இனி ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அக்காவின் பேய்ச் சாமான் பெட்டியைக் குணம் அண்ணை என்னிடம் தந்துவிட்டார். விரிப்புகளைத் துவைத்து மடித்துவிட்டேன். இப்போது பதின்மூன்று வயதாகும் துளசி கையுறையைக் கேட்டு வாங்கிவிட்டாள். இந்தக் கதையில் தன் பெயரையும் எழுதச் சொன்னது அவள்தான்.

மனோ அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, ஓட்டை விழுந்த அந்தக் கையுறை அல்ல. அது தங்கையிடம் போய்விட்டது. மேடை ஏறாதவளுக்கும் ஒரு வேலை உண்டு என்ற எண்ணத்தை வைத்துக்கொள்கிறேன். சத்தம் வராத உதட்டையும் கேட்கும் அந்தக் காதை வைத்துக்கொள்ள முயல்கிறேன். அவருடைய சட்டத்தில் ஒன்று இன்னும் நிறைவேறாமல் கிடக்கிறது. நாங்கள் வெருட்டிய ஒருவருக்கு மட்டும் நான்கு வருடமாக விரிப்பின் பின்பக்கத்தைக் காட்டவில்லை. மேலே எழுதியதெல்லாம் அதற்குத்தான். இனிக் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

அப்பா, கீழறைத் திறப்பைத் தாங்கோ. நாளையிண்டைக்கு, முப்பத்தொண்டாம் திகதி, பிள்ளையள் ஐஞ்சு மணிக்கு வருவினம். நீங்கள் நாலு மணிக்கு வாங்கோ. எல்லா லைற்றையும் போட்டு வைக்கிறன்.