முதல் துண்டு

1974 நவம்பர், சனிக்கிழமை. காலை ஏழரைக்கு டொராண்டோ மோர்னிங்சைடில் பஸ் ஏறினோம். மதுரையிலிருந்து ஊர் சுற்ற வந்த எனக்கு ஒரு வாரமாகச் சோறும் போட்டு, குளிர்கோட்டும் தந்த மங்கைக்கு அன்று வேலைப் பரீட்சை. யாழ்ப்பாணத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். டொராண்டோவில் அந்தப் படிப்பைக் கேட்பாரில்லை. கணவர் இரண்டு வேலை பார்த்து இளைத்துக்கொண்டிருந்தார்.

"இது கிடைச்சா அவர் ஒரு வேலையை விடலாம், அண்ணை. துணைக்கு வாறியளோ?" என்றார் மங்கை. கேட்கவும் வேண்டுமா!

சுரங்க ரயில், டிராம் என்று மாறி ஒன்பது மணிக்குக் குவீன் வீதியில் இறங்கினோம். சின்ன மிட்டாய்க் கடை, பின்னால் பட்டறை. உரிமையாளர் இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அம்மாள். என் கையில் ஒரு சாக்லேட் கட்டியை வைத்தார். விலை பதினைந்து சென்ட். உடைத்தால் கறுப்புக்குள் வெள்ளைவெளேரென்று சர்க்கரைக் களி. ஒரு காலத்தில் சாக்லேட் என்றாலே குடிக்கிற பானம்தானாம். அவர் ஊர் ஆலையில் இந்தக் களியைச் சாக்லேட்டுக்குள் பொதிந்து, நூறு வருஷத்துக்கு முன்பே கட்டியாக விற்றார்களாம். சாக்லேட்டைவிடச் சர்க்கரை மலிவு. அதனால் கூலிக்காரர் பைக்குள்ளும் அது புகுந்துவிட்டது என்று சிரித்தார்.

மங்கை பாகு காய்ச்சினார். குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்தார். பளிங்குப் பலகையில் ஊற்றி, பெப்பர்மின்ட் சாறு சில சொட்டு விட்டு அடித்துப் பிசையப் பிசைய, கண்ணாடிபோல் இருந்த பாகு வெண்ணெயாக வெளுத்தது.

"ருசி பார்த்துச் சொல்," என்றார் அம்மாள்.

மங்கை அசையவில்லை. அம்மாளின் முகம் சுருங்கியது. "தான் செய்ததைத் தானே தின்னாதவளை எப்படி நம்புவது?"

மங்கை என் பக்கம் திரும்பி, "சாமிக்குப் படைக்க முன்னம் வாயிலை வைச்சுப் பழக்கமில்லை, அண்ணை. கை வருகுதில்லை," என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

அம்மாள் ஒரு காகிதத் துண்டை நீட்டினார். மங்கை களியில் கொஞ்சம் கிள்ளி அதில் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார். பிறகு தானும் ருசித்து, "பெப்பர்மின்ட் போதாது," என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டார்.

"திங்கட்கிழமை வா," என்றார் அம்மாள்.

வியாழனன்று விடைபெற அந்தக் கடைக்குப் போனேன். யாரென்றே தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் இடம்விட்டு வாழும் அந்த ஊருக்கு நன்றி சொல்லாமல் விமானம் ஏற மனம் வரவில்லை. மங்கை அடுப்பைப் பார்த்தபடி கிண்டிக்கொண்டிருந்தார். பலகையில் புதுக் களி ஆறிக்கொண்டிருந்தது. ருசி பார்க்க விரலை நீட்டிய அம்மாள் சட்டென்று நிறுத்தினார். அங்குமிங்கும் தேடி ஒரு காகிதத்தை எடுத்தார். முதல் துண்டைக் கிள்ளி அதில் வைத்துவிட்டு, பிறகுதான் தன் வாயில் போட்டுக்கொண்டார்.