சர்வருக்குச் சந்தனம் வைத்த மறுநாள்

விஜயதசமி காலையில் ஆபீஸ் போன் அடித்தது. போன் பேசுவது எனக்கு எப்போதும் கூச்சம். வேறு யாராவது எடுப்பார்கள் என்று காத்திருப்பேன். அன்று யாரும் இல்லை. நானே எடுத்தேன்.

"அம்மிணி, அங்க சர்வரு பாக்கறது நீதான? உங்க லோடு பேஜைத் தொறந்து பாரு. லோடைத் தவிர எல்லாந் தெரியுது."

பேசியவர் முருகேசன். புதுச்சத்திரத்தில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். எங்களுக்கு நேர்ப் போட்டி. எங்கள் முதலாளியும் அவரும் பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை.

எந்த ஊருக்கு என்ன லோடு, என்ன வாடகை என்று லாரிக்காரர்களுக்குக் காட்டும் எங்கள் வெப் பேஜைத் திறந்தேன். லோடு விவரம் வரவேண்டிய இடத்தில் பேஜை உருவாக்கும் பிஎச்பி கோடு அப்படியே எழுத்தாக நின்றது. மேலேயே டேட்டாபேஸின் பெயர், பாஸ்வேர்டு. ஜலகண்டாபுரம் கிளைக்காக அந்த டேட்டாபேஸை வெளியிலிருந்தும் திறக்கும்படி வைத்திருந்தோம். உள்ளே டிரைவர்களின் லைசென்ஸ், போன் நம்பர், பேங்க் கணக்கு எல்லாம் இருந்தன.

முந்தின நாள் நடந்தது

நான் பிளஸ் டூ வரை படித்தவள். டைப் அடிக்கச் சேர்ந்து, லோடு விவரம் ஏற்றிப் பழகி, மெல்ல மெல்லச் சர்வர் வேலையும் என் கைக்கு வந்தது. ஆயுத பூஜைக்கு லாரிகளைக் கழுவி நிறுத்தியபின் முதலாளி என் அறைக்கு வந்தார்.

"இந்தப் பொட்டியையும் நிறுத்து அம்மிணி. லாரிக்கே ஒரு நாள் லீவு உடறோம்."

"நிறுத்தாம சந்தனம் மட்டும் வெச்சுக்கலாங்களா ஐயா?"

"ஓடற இஞ்சினுக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?"

நிறுத்தினேன். சந்தனம், குங்குமம், மேலே ஓர் எலுமிச்சம்பழம். மறுநாள் நல்ல நேரம் பார்த்து அவரே சுவிட்சைப் போட்டார். பேஜை வெளியில் காட்டும் அப்பாச்சி என்ற வெப் சர்வர் ஒரு எரரும் காட்டாமல் எழுந்தது. முதலாளி மகிழ்ச்சியாகத் தேங்காய் உடைக்கப் போனார். அதன் பிறகுதான் போன் வந்தது.

நிறுத்துவதா, விடுவதா

தேங்காய்மூடியோடு திரும்பி வந்த முதலாளியிடம், வெப் சர்வரை உடனே நிறுத்தவேண்டும் என்றேன்.

"நிறுத்தறதா? பூசை முடிஞ்சு இன்னிக்குத்தான் வண்டியெல்லாங் கெளம்புது. பேஜ் இல்லீன்னா லோடு பூரா எதிர்ல போயிருமே!"

"எதிர்லிருந்துதானுங்க போன் பண்ணிச் சொன்னாங்க."

அவர் கையில் தேங்காய்மூடி அப்படியே நின்றது. "முருகேசனா?"

"ஆமாங்க. பாஸ்வேர்டு வெளியில தெரியுதுங்க ஐயா. டிரைவருங்க பேங்க் நம்பரெல்லாம் அதுக்குள்ளதானுங்க இருக்குது. நான் நிறுத்தறனுங்க."

அவரிடம் அப்படி ஒரு வார்த்தையை நான் அதுவரை சொன்னதில்லை. அவர், "நிறுத்து. லோடை நான் போன்லயே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்பாச்சியை நிறுத்தினேன். அடுத்த வேலையாக டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றினேன். யார் யார் வந்துபோனார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் லாக்கைப் பார்த்தேன். அந்தப் பேஜைச் சிலர் திறந்திருந்தார்கள். ஆனால் டேட்டாபேஸுக்குள் வெளியாள் யாரும் நுழையவில்லை.

காரணம்

சர்வர் போட்டுக்கொடுத்தவர் கோடையில் பிஎச்பியை ஏழாம் பதிப்பிலிருந்து எட்டுக்கு மாற்றியிருந்தார். லோடு நேரம் என்பதால் ரீஸ்டார்ட் செய்யவில்லை. அதனால் பழைய பிஎச்பியே மெமரியில் ஓடிக்கொண்டிருந்தது. பூஜைக்கு நிறுத்திப் போட்டதும் புதியது வந்தது.

அப்பாச்சிக்கான கட்டளைகள் இருக்கும் கன்ஃபிக் ஃபைலைச் சோதித்தேன். 'Syntax OK', எழுத்துப் பிழை இல்லை என்றே வந்தது. வரிவரியாகப் படித்தேன். ".php ஃபைல்களைப் பிஎச்பியிடம் கொடு" என்ற கட்டளை, "ஏழாம் பிஎச்பி மாட்யூல் இருந்தால்" என்ற நிபந்தனைக்குள் இருந்தது. இப்போது இருப்பது எட்டு. நிபந்தனை பொருந்தவில்லை; அப்பாச்சி சத்தமில்லாமல் அதைத் தாண்டிப் போய், ஃபைலை அப்படியே எடுத்து நீட்டிவிட்டது. அதன் கணக்கில் அது தப்பே இல்லை.

நிபந்தனையைத் திருத்தினேன். புதிய பாஸ்வேர்டைப் பேஜில் எழுதாமல் தனி ஃபைலில் எழுதி, வெப் ஃபோல்டருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன். வெளியாட்களுக்கு அடைத்தபடியே அப்பாச்சியைப் போட்டு, அதே சர்வரிலிருந்து பேஜைப் பார்த்தேன். லோடு தெரிந்தது. அதன் பிறகே வெளியில் திறந்துவிட்டேன்.

சாயங்காலம் முதலாளி திட்டுவார் என்று நினைத்தேன். "சுச்சை நிறுத்தச் சொன்னது நானுதான அம்மிணி" என்று மட்டும் சொன்னார். பொரி, கடலை, வாழைப்பழம் கட்டிய பையை எடுத்துக்கொண்டு அவரே ரோட்டைத் தாண்டிப் போனார். அங்கே என்ன பேசினார்களோ, திரும்பி வரும்போது கையில் அந்த ஆபீஸின் பொரிப்பை இருந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சர்வரில் எதை மாற்றினாலும் அன்றைக்கே ரீஸ்டார்ட் செய்யுங்கள். எழுத்துப் பிழை இல்லை என்று சர்வர் சொல்வதால் வேலை நடக்கிறது என்று ஆகிவிடாது; வெளியிலிருந்து ஒருவர் பேஜைத் திறந்து பார்க்கவேண்டும். கரண்ட் போன ஏதோ ஒரு நாளில், யாரும் சொல்லாமல் இது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். பூஜைக்கும் நன்றி, போட்டிக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆயுத பூஜைக்கு நானே சந்தனம் குழைத்தேன். மறுநாள் சுவிட்சைப் போட்டதும், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு எதிர் ஆபீஸுக்கு நானே போன் செய்தேன்.

"அண்ணா, எங்க பேஜைக் கொஞ்சம் தொறந்து பாக்கறீங்களா?"

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கறேன். லோடெல்லாம் நல்லாத் தெரியுது அம்மிணி. வாடகையத்தான் ரொம்பக் கொறச்சுப் போட்டிருக்கறீங்க!"