அகரத்தில் பருப்பு வெந்த நாள்

குடகனாற்றில் தண்ணீர் வந்தால் போதும், அகரத்தில் வீடு காட்டுகிற புரோக்கர்களுக்கு வாய் நீண்டுவிடும். எங்களைக் கூட்டிப்போனவரும் வீட்டைத் திறக்காமல் நேரே ஆற்றங்கரைக்குத்தான் இழுத்துப்போனார்.

"பாருங்கக்கா, அம்புட்டுத் தண்ணி! பேகம்பூர்ல இந்தக் காத்து வருமா?"

என் வீட்டுக்காரர் அங்கேயே மயங்கிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் ஆற்றை வாங்க வரவில்லை. பேகம்பூரில் எங்கள் வீட்டு போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாது. குழாயில் நல்ல தண்ணீர் வருகிற அன்று குடம் குடமாகப் பிடித்து வைத்துத்தான் இத்தனை வருஷமும் சமைத்தேன். இங்கேயும் அதே பாடு என்றால் நான் எதற்கு வீடு மாற வேண்டும்?

அதனால் பையில் துவரம் பருப்பும் சட்டியும் சின்ன கேஸ் அடுப்பும் கொண்டுபோயிருந்தேன். ஒருவழியாக வீட்டைத் திறந்துவிட்டதும் முதல் வேலையாக அந்த வீட்டு போர்த் தண்ணீரைப் பிடித்து, காலி அடுப்படியிலேயே பருப்பைப் போட்டேன்.

"புது வீட்ல பால் காய்ச்சுவாங்க. அக்கா பருப்பு காய்ச்சுது!" புரோக்கர் சிரித்தார்.

"சிரிங்க. வேகலைன்னா சட்டியத் தூக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்" என்றேன்.

நுரை பொங்கி அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டியில் எடுத்து விரலால் நசுக்கினேன். மாவாக மசிந்தது.

"ஏங்க, வெந்துருச்சு! பூ மாதிரி வெந்துருச்சு!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் பதறி ஓடிவந்தார்.

"பேசி முடிச்சுருங்க" என்றேன்.

"இன்னும் ஒரு ரூமக்கூடப் பாக்கலையே!"

"அதெல்லாம் குடிவந்து பாத்துக்குவோம்."