மிதந்த கால்

கடலூர் ஆஸ்பத்திரி நடையில் என் மனைவி அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். சாக்குப் போட்டு மூடிய வாளி ஒன்றை ஓர் ஆள் அவளைத் தாண்டி எடுத்துப் போனான். சாக்குக்கு வெளியே ஒரு குதிகால் தெரிந்தது. அதிலிருந்த பித்தவெடிப்பு அவளுக்குப் பழக்கமானது. முந்தின வாரம்தான் வேப்பெண்ணெய் தடவிவிட்டிருந்தாள்.

முதுநகர் ஜங்ஷன் யார்டில் வேகன்களைக் கொக்கி மாட்டி இணைப்பது என் வேலை. யுத்த காலம், சரக்குக்கு ஓய்வே கிடையாது. ஒரு மத்தியானம் இன்ஜின் தள்ளிய வேகன், நான் விலகுமுன் வந்து என் காலில் ஏறிவிட்டது. எலும்பு நொறுங்கும் சத்தம் முதலில் கேட்டது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

காயத்தில் கேங்ரீன் (சதை செத்து அழுகிப்போவது) பிடித்து, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். குளோரோபாம் (முகரவைத்து மயக்கும் மருந்து) கொடுத்திருந்தும் பாதியில் எனக்கு நினைவு திரும்பியது. ரம்பம் அறுத்துக்கொண்டிருந்தது. என்னை அமுக்கிப் பிடித்திருந்தவனின் கையைக் கடித்தேன். அவன் ரத்தம் என் வாயில் உப்புக் கரித்தது.

இதைப் படிக்கும் நீங்களும் காலை இழந்தவராக இருக்கலாம். பட்டாளத்திலிருந்து அப்படித் திரும்பியவர்கள் இன்று பலர். உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். புண் ஆறிய பிறகு வருவதுதான் பெரிய வலி. இல்லாத காலின் விரல்கள் வேகனுக்கடியில் மாட்டியபடியே மடங்கி நெரிந்துகொண்டிருந்தன.

டாக்டரிடம் சொன்னேன். “கால் போனது நரம்புக்கு இன்னும் தெரியலப்பா,” என்றார்.

“எப்பத் தெரியும்?”

“அதைச் சொல்ல முடியாது.”

கிள்ளையில் மாமனார் வீட்டுக்குப் போனோம். ஊன்றுகோலைச் சுவரில் அடித்து முறித்தேன். சோற்றுத் தட்டுகள் பறந்தன. அஞ்சலை பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அடுப்படியிலிருந்து விறகுக்கட்டையோடு வந்தாள்.

“இன்னொரு தட்டு பறந்துச்சு, இருக்கிற காலயும் ஒடிச்சிருவேன் மாமா. ஒடிச்சிட்டு நானே தூக்கிக்கிட்டும் திரிவேன்.”

சொன்னால் செய்கிறவள். விபத்துக்குப் பிறகு முதன்முறையாகச் சிரித்தேன்.

மாசி மகத்துக்கு மறுநாள் கிள்ளைக் கழிமுகத்தில் ஓடப் போட்டி நடக்கும். ஓடத்துக்கு இருவர். நின்றபடியே நீளக் கழியை ஊன்றித் தள்ள வேண்டும். உட்கார்ந்தால் தோற்றதாகக் கணக்கு. எதிராளியைக் கழியால் அடிக்கலாம், ஓடத்தைக் கவிழ்க்கலாம். மண்டை உடையாமல் போட்டி முடிந்ததில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நானும் அஞ்சலையின் அண்ணன் காத்தவராயனும் ஜோடி. அந்த ஓடத்தில் மறுபடி நிற்க வேண்டும், வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. நிற்க முடியாவிட்டால் உயிர் எதற்கு என்றுகூட நினைத்தேன்.

காத்தவராயன் கட்டுமரத்துக்காக வாங்கி வைத்திருந்த மரத்தில் எனக்கு ஒரு கால் செதுக்கினான். “பஞ்சாட்டம் இருக்கும் மச்சான். தண்ணிக்கு இத உட்டா வேற மரம் கெடையாது,” என்றான். சிதம்பரத்தில் குதிரை வண்டிகளுக்கு வார் தைப்பவர், முழங்காலுக்குத் தோல் உறையும் தொடைக்கு வார்களும் தைத்துக் கொடுத்தார். தோல் உரசி ரத்தம் கசிந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் ஊரே கேட்கக் கத்துவேன். ஆனாலும் தை முடிவதற்குள் ஓடத்தில் நின்றுவிட்டேன்.

போட்டியில் எங்களை ஒட்டி வந்த ஓடக்காரன் கழியைச் சுழற்றி என் மரக்காலில் ஓங்கி அடித்தான். அவனைக் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் அங்கேதான் அடித்திருப்பேன்.

தண்ணீரில் விழுந்தேன். நீச்சல் தெரிந்தவன்தான். ஆனால் மரக்கால் மேலே எழும்பியது, தலை கீழே போனது. நான் எத்தனை முறை புரண்டு உதைத்தாலும் கால் என்னைத் தலைகீழாகவே தொங்கவிட்டது. கட்டுமரத்து மரம், மிதக்காமல் என்ன செய்யும்? மூக்கிலும் வாயிலும் சேறு ஏறியது. காத்தவராயன் குதித்து வார்களைக் கத்தியால் அறுத்தான். அந்த அவசரத்தில் என் தொடையும் அறுபட்டது. கரையில் கிடந்து சேற்றை வாந்தி எடுத்தேன். மரக்கால் மட்டும் சொகுசாக மிதந்துகொண்டிருந்தது.

“போதும் மச்சான். இனிமே கரையிலேந்து பாரு,” என்று காத்தவராயன் அழுதான்.

அஞ்சலை என் தொடையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டே அண்ணனைப் பிடி பிடியென்று பிடித்தாள். “நீ பொறந்ததுலேந்து வலை கட்டுறவன்தான? மேல மிதப்பு கட்டுனா கீழ ஈயக்குண்டு கட்டாம உடுவியா? எம்புருசன் காலுக்கு மட்டும் ஏன் உட்ட?”

கிள்ளையில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நாங்கள்தான் இலேசான காலுக்கு ஆசைப்பட்டோம்.

கணுக்காலில் துளை போட்டு ஈயக்குண்டுகளை இறக்கினோம். அதிகமானால் கால் கல்லாகக் கனத்தது, குறைந்தால் மிதந்தது. தண்ணீரில் விட்டு விட்டுப் பார்த்து, கால் தானாக நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு வந்ததும் துளையை அடைத்தோம். சேற்றில் புதையாமலிருக்க அடியில் அகலப் பலகை வைத்தோம். வாரை ஓர் இழுப்பில் அவிழும்படி மாற்றினோம்.

அடுத்த மாசியில் அதே ஆள் அதே இடத்தில் அடித்தான். இந்த முறை நான் அவன் தோளில் திருப்பிப் போட்டேன். இரண்டு ஓடங்களும் மோதிக் கவிழ்ந்தன.

உள்ளே போனேன். கால் கீழே இறங்கியது, தலை வெளியே வந்தது. மூச்சு விட்டேன். மார்பளவு தண்ணீரில் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தேன்.

“ஏறு மச்சான், தோத்துட்டோம்,” என்றான் காத்தவராயன், கவிழ்ந்த ஓடத்தைப் பிடித்தபடி.

நான் அசையவில்லை. அத்தனை காலம் வேகனுக்கடியில் மடங்கிக் கிடந்த விரல்கள் மெல்ல விரிந்தன. அவற்றின் இடுக்கில் சேறு பிதுங்கியது. யார்டின் அந்த மத்தியானம் எனக்கு அப்போதுதான் முடிந்தது.

“இரு மச்சான்,” என்றேன். “கால ஊனிக்கிட்டு இருக்கேன்.”